நம்பர் தெரியாத வண்டி அடித்தாலும் இழப்பீடு உண்டு

ஆசிரியருக்கு,

உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிற செய்தி: ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி விவசாயி பலி. போலீசார் விசாரணை.’ அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் சேர வேண்டும் என்று கீழே ஒரு வரி போடுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் விபத்து இழப்பீட்டு வழக்குகளும், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில், அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனுக்களும் நடத்துகிறேன். வண்டி நம்பர் தெரியாமல் வருகிறவர்களை எங்கள் வக்கீல்களே “கேஸ் நிற்காது” என்று அனுப்பிவிடுகிறார்கள். எதிரே இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, அதனால் பீஸும் இல்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். (அதற்கு முன் 25 ஆயிரமும் 12,500-ம்தான்.) தாசில்தார் விசாரித்து ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும்.

நடப்பது வேறு. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் கணக்கைப் பார்த்தது. 2022-ல் நாடு முழுக்க இப்படி 67,387 விபத்துகள். 2022-23-ல் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205. ஒரு மாதத்தில் வண்டி அகப்படாவிட்டால், இந்தத் திட்டம் இருப்பதை ஸ்டேஷனே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அன்றே உத்தரவும் போட்டது.

அப்படி ஒரு கடிதத்தை என்னிடம் வந்த யார் கையிலும் நான் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார். கணவர் விடியற்காலையில் டீக்கடைக்கு நடந்துபோகும்போது லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. எப்.ஐ.ஆர். நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் நடக்கிறது என்று நம்பியிருந்தார். தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினேன். “இந்த மாதிரி மனு எங்களிடம் வருவதே இல்லையே” என்றார்களாம். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் போ, வாரிசுச் சான்று கொண்டா என்று அலைச்சல். கடைசியில் ரிட் போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. சட்டம் ஒன்றரை மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலைக்கு ஹைகோர்ட் உத்தரவு எதற்கு?

இன்னொன்று. பணம் வாங்கிவிட்டால் பிறகு வண்டி அகப்பட்டாலும் வழக்குப் போட முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள். போடலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தரும் தொகையில் இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு மனுவைத் தாலுகா ஆபீஸில் நேரே கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
திண்டுக்கல்