விலை தெரியாத கௌபாய்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களைச் சிறுவயது முதல் விரும்பிப் பார்ப்பவன் நான். அதனால்தான் அவற்றில் பணம் செலவாகும் விதம் என்னை உறுத்துகிறது. மாடு ஓட்டி வந்தவன் மதுக்கடையில் தங்க நாணயத்தைச் சுண்டி எறிகிறான். மீதிச் சில்லறைகூடக் கேட்பதில்லை. 1870களில் அவனுடைய மாதச் சம்பளம் சுமார் 30 டாலர்தான்! 1873இல் அறிமுகமான, கோல்ட் (Colt) நிறுவனத்தின் கைத்துப்பாக்கியின் விலை ஏறத்தாழ 17 டாலர். அரை மாத உழைப்புக்கு மேல் அதற்கே போய்விடும். நல்ல சேணம் இன்னும் விலை அதிகம்.

வீடுகளும் அப்படியே. குடியேறுவோருக்கு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி 160 ஏக்கர் நிலம் சொற்பக் கட்டணத்தில் கிடைத்தது உண்மை. ஆனால் ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. மரமே இல்லாத கான்சாஸ், நெப்ராஸ்கா சமவெளிகளில் பலர் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கித்தான் வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். அடுப்பெரிக்க விறகில்லாமல் காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி வந்தார்கள். தொடர்களிலோ வழவழப்பான மரவீடு, சலவை மடிப்புக் கலையாத கவுன்! அந்தப் பெண்கள் சாணக்கூடை சுமந்ததை ஒரு காட்சியிலாவது காட்டக் கூடாதா?

- ஒரு வாசகர், மதுரை