பத்தாயிரம் சொட்டு

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு 11 நாள் ஆகிறது. இன்று காலை யார் துணையும் இல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய், பால்காரரை நிறுத்தி, "ஏம்ப்பா, நான் படுத்திருக்கிற நேரம் பார்த்து தினம் அரை லிட்டர் கூட ஊத்தினதா கணக்கு எழுதியிருக்கியே?" என்று சண்டைக்கு நின்றார். பால்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். அந்த அரை லிட்டர் கதை பின்னால் வரும். அம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது, அதுதான் சேதி.

நடந்தது என்னவென்று உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னொரு தடவை அதை எழுத எனக்கு மனசில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில், மதுரை மூன்றுமாவடியில், தோளில் தோப்பறையோடு (அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் தோல்பை) நின்றபடியே கை கோத்து ஆம்புலன்சுக்கு வழி விலக்கிவிட்ட பேர் தெரியாத ஆட்கள். ரத்தம் வேண்டும் என்றதும் ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கிய செல்லூர்த் தம்பிகள் (ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லை, அதை அப்புறம் பேசிக்கொள்வோம்). வேளை தவறாமல் கஞ்சியும் இட்லியும் கொடுத்தனுப்பிய மாடிவீட்டு அக்கா. கேட்காமலே பணத்தைப் போட்டுவிட்டு, "திருப்பித் தர்றேன்னு மட்டும் சொல்லாதே" என்று போனை வைத்த மாமா. நான் ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கல்யாணத்தையும் தானே போய் எடுத்து, காசையும் என் கையில் வைத்த சிம்மக்கல் ஸ்டூடியோ அண்ணன். எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இந்த மடலில் உங்களுக்கு இவ்வளவுதான் இடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மிச்ச இடம் ஒருவருக்கு வேண்டும். அவர் பெயரைப் போடப்போவதில்லை. நைட் டூட்டி சிஸ்டர் என்றால் போதும்.

மூன்றாம் நாள் ராத்திரி, மணி இரண்டு இருக்கும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தேனே தவிர படுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, குளுக்கோஸ் பாட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு விளிம்பில் திரளும், தொங்கும், கழுத்து மெலியும், அறுந்து விழும். அடுத்தது திரள்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "நின்னு போச்சு சிஸ்டர்" என்று அதற்குள் நாலு தடவை ஓடியிருந்தேன். நாலு தடவையும் அது நிற்கவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கூடவே வந்தார். கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழுதுன்னு எண்ணுங்க."

எண்ணினேன். 21.

"இந்த செட்டுல 20 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி. பாட்டில் 500 மில்லி. மொத்தம் எத்தனை சொட்டு?"

"பத்தாயிரம் சிஸ்டர்."

"எட்டு மணி நேரத்துல ஏறணும். அப்ப 21 சரிதானே? அரை மணிக்கு ஒருக்கா எண்ணி இதுல எழுதுங்க. கூடக் குறைய இருந்தா வாங்க. சொட்டைக் கூட்டிக் குறைக்கிற இந்தச் சக்கரத்தை மட்டும் நீங்க தொடவே கூடாது." காலி மாத்திரை டப்பா ஒன்றைக் கிழித்து, அட்டையையும் பேனாவையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இருந்தது. 2.30 என்று எழுதி 21 போட்டேன். 3.00க்கு 20. ஓடிப் போய்ச் சொன்னேன். "ஒண்ணு குறைஞ்சா ஒண்ணுமில்ல" என்றார். 3.30க்கு மறுபடி 21. நடுவில் பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்து தூங்கியும் விட்டேன், மூன்று நாளில் முதல் தூக்கம். டூட்டி முடிந்து கிளம்பும்போது அட்டையை வாங்கி வரிவரியாகப் பார்த்து, கீழே ஒரு டிக் போட்டு, வாட்ச்சை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு என் கணக்கு தேவையே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் தானே வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த அட்டை இப்போது என் கேமராப் பையில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று கேட்டார். "போட்டோகிராபராமே, அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷமா சொட்டை எண்ணிக்கிட்டே இருக்கேன், ஒண்ணாவது கண்ணுக்குப் பிடிபட்டதில்ல. அதை எடுக்க முடியுமா தம்பி?" முடியும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு சொட்டைக்கூட எடுத்தவனில்லை நான்.

வாக்குக் கொடுத்தாயிற்று. மெடிக்கலில் ஒரு டிரிப் செட் வாங்கினேன். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியில் அதைச் செருகி, இரண்டு நாற்காலிக்குக் குறுக்கே துடைப்பக் கம்பை வைத்துக் கட்டினேன். கீழே கறுப்பு டிரே நிறையத் தண்ணீர். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் அதே கேமரா, கூடவே வந்த அதே 18-55 லென்ஸ், அண்ணனிடம் இரவல் வாங்கிய பழைய ஃப்ளாஷ். பாட்டிலின் அடியில் காற்றுக்கு ஓட்டை போட மறந்துவிட்டேன். போகப்போகச் சொட்டு சோர்ந்துபோய் நின்றே விட்டது. ஒரு நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த ஆளாகவே ஆகிவிட்டேன். அப்புறம், சக்கரம். இப்போது நானே உருட்டலாம், தடுக்க ஆளில்லை. ஆனாலும் முதல் தடவை தொட்டபோது கை கூசியது.

முதல் ராத்திரி எடுத்த 300 படமும் குப்பை. ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழும் சொட்டு தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. ஷட்டரை 1/200இல், அதாவது நொடியில் இருநூறில் ஒரு பங்கு திறக்கும்படி, வைத்தால் அதற்குள் ஒன்றரை சென்டிமீட்டர் ஓடிவிடும். படத்தில் சொட்டு இல்லை, கோடு. ஃப்ளாஷ் பவரை 1/32க்கு இறக்கி, ஃப்ளாஷ் எரியும் கணம் மட்டுமே படத்தில் பதியும்படி அறையை இருட்டாக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது. பவர் குறையக் குறைய ஃப்ளாஷ் எரியும் நேரமும் குறையும். அந்த அளவில் ஏறக்குறைய நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் சொட்டு அரை மில்லிமீட்டர்கூட நகராது. பத்தாயிரம் என்ற எண்ணை மறுபடி பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போகஸுக்கு ஆட்டோவை நம்ப முடியாது. டிரேக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து, சொட்டு அதில் விழும் இடத்தில் கையால் போகஸ் செய்து, ஸ்கேலை எடுத்துவிட வேண்டும். லென்ஸின் துவாரம் எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200. மிச்சமெல்லாம் விரலின் அதிர்ஷ்டம். விழுந்த சொட்டு குழி பறிக்கும், குழியிலிருந்து ஒரு தூண் எழும்பும், அடுத்த சொட்டு சரியாக அதன் தலையில் விழுந்தால் குடை விரியும். 400 படத்துக்கு ஒரு குடை கிடைத்தால் பெரிய விஷயம்.

பாலுக்கு வருகிறேன். கிரீடம் மாதிரி தெறிப்பதைக் காட்டுவதற்குத் தண்ணீரை விடப் பால் நல்லது, வெளிச்சம் ஊடுருவாமல் வடிவம் பளிச்சென்று நிற்கும். 1957இல் ஹெரால்டு எட்ஜர்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எடுத்த பேர்போன படமும் பால் சொட்டுத்தான். தினம் அரை லிட்டர் ஆனது. எட்ஜர்டன் வீட்டில் பால் கணக்கை யார் பார்த்தார்களோ!

ஆனால் சிஸ்டருக்கு என்று எடுத்து வைத்திருப்பது பால் படமும் இல்லை, குடையும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கட்டியிருந்த அரக்குச் சுங்குடிச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். மறுபடி கட்டச் சொல்லிக் கொடுக்க மனசு வரவில்லை. நாலடி தள்ளி அதைக் கொடியில் விரித்து, ஃப்ளாஷை அதன்மேல் அடித்தேன். குழாய் நுனியில் கழுத்து மெலிந்து, அறுவதற்கு முன்னால் தொங்கும் சொட்டு. சொட்டும் ஒரு லென்ஸ்தானே, பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். பெரிதாக்கிப் பார்த்தால் சுங்குடியின் வெள்ளைப் புள்ளி அத்தனையும் அந்த ஒரு சொட்டுக்குள் குட்டி குட்டியாக இருக்கிறது, மேலே இருந்த கரை கீழே வந்திருக்கிறது.

12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டாயிற்று. காசு வேண்டாம் என்கிறார் ஸ்டூடியோ அண்ணன். சனிக்கிழமை ராத்திரி வார்டுக்குக் கொண்டுபோகிறேன். சிஸ்டர், உங்களுக்கு அன்று டூட்டி இல்லையென்றால் மறுநாள் வருவேன், அதற்கு மறுநாளும் வருவேன். ஸ்டூலில் விழித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால் என்னிடமும் வாட்ச் இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால் இதை அவரால் வாசிக்க முடியாது. யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். பால்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.