மறுபடி கேட்ட கடைகள் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டார்ட்அப் தொடங்கும் இளைஞர்களுக்கு மார்க்கெட்டிங், தலைமைப் பண்பு, புதுமை பற்றி ஆலோசனை சொல்லும் கட்டுரை தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், குறை சொல்லவில்லை. முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுவது, ரீல்ஸ் எப்படிப் போடுவது, ஸ்டார்ட்அப்களுக்குத் தமிழக அரசு கொடுக்கும் டான்சீட் நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது எல்லாம் இருந்தது. பொருளை வாங்கி விற்கப்போகிற மளிகைக் கடைக்காரர் மட்டும் ஒரு வரியில்கூட வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடத்துக்கு மேலாக ஏஜென்சி நடத்துகிறேன். பிஸ்கட், ஊறுகாய், சோப்பு, மசாலா என்று பல கம்பெனிச் சரக்கு. மஞ்சக்குப்பம், முதுநகர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி வரை எங்கள் வண்டி லைன் போகிறது. கொஞ்ச காலமாக, புதுப் பொருளோடு குடோன் வாசலில் வந்து நிற்கும் இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். சத்துமாவு, சிறுதானிய நூடுல்ஸ், மூலிகை சோப்பு, பலாப்பழ சிப்ஸ். படித்த பிள்ளைகள், மரியாதையாகப் பேசுகிறார்கள். "இதுவரை எத்தனை கடைக்குக் கொடுத்தீங்க தம்பி?" என்றால் உடனே பதில் வருகிறது. "அதில் எத்தனை கடை மறுபடி கேட்டுச்சு?" என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் ஆர்டர் வாங்குவதில் பெரிய வித்தை இல்லை. நம் ஊர்க் கடைக்காரர்கள் இரக்கப்பட்டே ஒரு டஜன் வாங்கிப் போடுவார்கள், "காசு அப்புறம் வாங்கிக்கோப்பா" என்ற நிபந்தனையோடு. உங்கள் சரக்கு உங்கள் வீட்டிலிருந்து அவர் ரேக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் கம்பெனியிலிருந்து ஏஜென்சிக்கு வருவதை பிரைமரி என்போம், ஏஜென்சியிலிருந்து கடைக்குப் போவதை செகண்டரி என்போம். கடையிலிருந்து வீட்டுக்குப் போவதுதான் உண்மையான விற்பனை, அதற்கு யாரிடமும் ரிஜிஸ்டர் கிடையாது. பெரிய கம்பெனி ஆட்களே மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக எங்கள் குடோனில் சரக்கைத் தள்ளிவிட்டு, விற்பனை கூடிவிட்டதாகக் கணக்குக் காட்டுவதுண்டு. அவர்களுக்குத் தாங்கும். புதிதாகத் தொடங்கியவர் அந்த பிரைமரியை நம்பி இன்னொரு மெஷினுக்கு லோன் போட்டால், சில மாதத்தில் எக்ஸ்பைரி சரக்கு மொத்தமாக வீடு திரும்பும். தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

மார்க்கெட்டிங் பாடத்துக்கு நம் பிள்ளைகள் கலிபோர்னியாவைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று யோசித்த முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து தனியே வந்து, 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். அதுதான் பின்னால் கவின்கேர் ஆனது. ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்குப் போய், ஒரு பையன் தலைக்கு எல்லார் முன்னாலும் ஷாம்பு போட்டுக் கழுவி, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்று சொல்லி விற்றார்கள்.

அதைவிட நான் மெச்சுவது அவர்களுடைய காலி பாக்கெட் ஸ்கீம். எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்து விதியை மாற்றினார்கள்: இனி சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும். இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். முதல் கட்டத்தில், ஏற்கெனவே ஷாம்பு போடுகிற ஆளாகப் பார்த்து இலவசம் போய்ச் சேருகிறது. போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைக் காசு கொடுக்காமல் வாங்கின மாதிரி. இரண்டாவது கட்டத்தில், இலவசம் வேண்டுமென்றால் ஐந்து தடவை காசு கொடுத்து சிக் வாங்கியாக வேண்டும். அதற்குள் கை பழகிவிடும். அப்புறம் கடைக்காரரிடம் கேட்பது வாடிக்கையாளரே, கம்பெனி கெஞ்ச வேண்டியதில்லை. இப்போது வருகிற தம்பிகள் கொடுக்கும் ஸ்கீம் எல்லாம் கடைக்காரருக்குத்தான்: பத்து வாங்கினால் ஒன்று இலவசம். அந்த ஒன்று கடைக்காரரின் லாபத்தில் சேருமே தவிர, பொருளை யார் வீட்டுக்கும் கொண்டுபோகாது.

(அந்தக் காலி பாக்கெட்டுகள் இன்று கெடிலம் கரையில் கிடக்கிற கோலம் வேறு வயிற்றெரிச்சல். அதற்குத் தீர்வோடு ஒரு ஸ்டார்ட்அப் வந்தால் நான் மார்ஜினே கேட்க மாட்டேன்.)

இனி புதுமை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள், இரண்டு பேரும் இன்ஜினீயர்கள். மசாலா முந்திரி, 100 கிராம் பை, தங்க எழுத்து, விலை 180 ரூபாய். பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால் அதையும் பையில் போட்டிருந்தார்கள். (அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டுதான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஊர்ப்பெயர் நம்முடையது என்றாலும் குறியீட்டுக்குச் சட்டம் இருக்கிறது.) பருப்பு அருமை, வாய்க்குள் வைத்தாலே தெரிந்தது. "விற்கிறதா?" என்றேன். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க சார்" என்றார்கள். வாங்கினார்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் லைன் வண்டியில் ஒரு நாள் முழுக்கக் கூடப் போய் வாருங்கள் என்றேன். மனைவி ஏறிக்கொண்டார். முதுநகரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க கண்ணு மாட்டறது?" என்று கேட்டிருக்கிறார். பையில் மாட்டுவதற்கு ஓட்டையே இல்லை. அந்தக் கடையில் ரேக் என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் கயிற்றில் சரமாகத் தொங்குவதுதான். "நூத்தியெம்பது ரூபா குடுத்து ஒருத்தர் வாங்கறதுக்குள்ள எலி வாங்கிடும்" என்றும் சொன்னாராம். எந்த ஆலோசகர் இதைச் சொல்லித் தருவார்?

திரும்பி வந்து குடோனில் கணக்குப் போட்டோம். 10 ரூபாய் பாக்கெட் என்றால் பெட்டிக்கடைக்கு 8 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும், எனக்கு 7 ரூபாய் 30 காசுக்கு வர வேண்டும். வரியும் அதற்குள்ளேயே. அந்தக் காசில் முழுப் பருப்பு போட்டால் பாக்கெட்டுக்குள் நாலைந்து பருப்பு உருளும், பார்க்கிறவனுக்குக் கோபம்தான் வரும். ஆனால் அவர்கள் வீட்டிலேயே பருப்பு உடைக்கும்போது விழுகிற துண்டுகளை ஸ்வீட் கடைக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டோடு வறுத்த வேர்க்கடலையைக் கலந்து மசாலா போட்டுப் பார்த்தார்கள். துண்டில் மசாலா இன்னும் நன்றாகப் பிடித்தது. மேலே ஓட்டை போட்டு, பன்னிரண்டு பாக்கெட்டாகச் சரம் கட்டிக் கொண்டு வந்தார்கள். சரக்கு நகர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எந்த மாதிரிக் கடைகளுக்குப் பக்கத்தில் மாலை நேரத்தில் அதிகம் போகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. தங்க எழுத்துப் பையை அவர்கள் விட்டுவிடவில்லை, வார இறுதியில் வண்டி கட்டி வருகிற பாண்டிச்சேரிச் சுற்றுலாக் கூட்டத்துக்கு அது போகிறது.

ஐப்பசி மழையில் ஒரு சோதனை வந்தது. கடற்கரை ஈரக்காற்றுக்கு பாக்கெட்டின் சீல் தாங்காமல் சில சரங்கள் நமத்துப்போய்விட்டன. அந்தப் பெண் தானே கடை கடையாக வந்து, கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு மாற்றுச் சரக்கு கொடுத்தார். அடுத்த சரக்கு தடித்த கவரில் வந்தது. தலைமைப் பண்பு என்று கட்டுரையில் நீளமாக எழுதியிருந்தீர்களே, கடைத்தெருவில் அதை அளக்கும் இடம் இந்த ரிட்டர்ன்தான். 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலில் கடலூரில் கூரை பிய்ந்து சரக்கு நனையாத கடை எனக்குத் தெரிந்து குறைவு. அப்போது பல கம்பெனிகளின் ஆட்கள் போனையே எடுக்கவில்லை. சின்ன ஊறுகாய்க் கம்பெனி வைத்திருந்த ஒருவர், ரோட்டில் விழுந்துகிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு பைக்கில் வந்து, உடைந்த பாட்டிலை எண்ணி, அதற்குச் சமமாக அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் லைன் கடைகளில் கண் மட்டத்து ரேக் அவருடைய ஊறுகாய்க்குத்தான்.

வேலைக்கு வைக்கிற சேல்ஸ் பையனை எப்படி நடத்துகிறீர்கள் என்பதும் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. கடை வாசலில் நின்று போனில் முதலாளியிடம் திட்டு வாங்குகிறவனை நம்பி எவரும் புதுச் சரக்கு எடுக்க மாட்டார். பெட்ரோல் காசை அன்றன்றைக்கே கொடுங்கள். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால்கூடப் பொறுக்கிற பையன், கைக்காசில் பெட்ரோல் போட்டுப் பாக்கிக்கு அலைய நேர்ந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். கடைகளும் அவனோடு போய்விடும்.

கடலூர்க்காரர்கள் எல்லாரும் சறுக்குகிற இன்னொரு இடம் முள்ளோடை எல்லை. புதுச்சேரி நமக்குக் கூப்பிடு தூரம், பஸ்ஸில் போய் வருகிற ஊர். ஆனால் ஜி.எஸ்.டி. கணக்கில் அது வேறு மாநிலம் மாதிரிதான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை, புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். அது பரவாயில்லை. வரி உள்ள பொருளை இங்கிருந்து எல்லை தாண்டிக் கன்னியகோவில் கடைக்கு ஒரு பெட்டி விற்றால்கூட, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பைக்கில் வைத்துக் கொண்டுபோகிற தம்பிகளுக்கு இது தெரிவதில்லை. முதலிலேயே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடன் வசூல் பற்றியும் சொல்ல வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதோடு சேர்ந்துகொண்டது: கெடு தாண்டினால், வாங்கியவர் பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிடம் பேசும்போது பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிடுங்கள், தனியாகச் சண்டை போட வேண்டியிருக்காது. எங்களைப் போல வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் உங்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

புதுப் பொருள் இறக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கவும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் முதுநகர், தேவனாம்பட்டினம் கடைகளில் பழைய சரக்குக்கே பாக்கி நிற்கும், புதுசை நுழைக்காதீர்கள். மாசி மகத்துக்கு சில்வர் பீச்சில் சேருகிற கூட்டத்தில் தட்டில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது. நெய்வேலிப் பக்கம் சம்பள வாரம் பார்த்துப் போங்கள். கடைக்காரரைச் சந்திக்கக் காலையில் பால், மாவு விற்கிற நேரமும் மாலையும் வேண்டாம். பதினொன்றரைக்கு மேல் ஒரு மணிக்குள் போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நிதி கிடைத்தவர்களின் படத்தைப் போடும் அதே பக்கத்தில், கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி என்று வாரம் ஒரு ஊரிலிருந்து ஒரு கடைக்காரரைப் பேச வையுங்கள். இந்த மாதம் எந்தப் புதுப் பொருள் வந்தது, எது மறுபடி ஆர்டர் போனது, எது திரும்பிப் போனது, ஏன் போனது என்று நான்கு கேள்வி போதும். கம்பெனி பேர் போட வேண்டாம், பொருளையும் காரணத்தையும் மட்டும் போட்டால் போதும். நிருபருக்கு வண்டி வேண்டுமென்றால் எங்கள் லைன் வண்டி ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை எட்டரைக்குக் கிளம்புகிறது. முன்சீட்டில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏஜென்சிக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.