‘ஆஜர் எதிரி’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருங்கிய உறவினர் மீதான போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கொன்றில், சிறுமி காவல்துறையிடமும் நீதித்துறை நடுவரிடமும் பின்னர் விசாரணையிலும் சொன்னவற்றுக்கிடையே முரண்பாடு இருப்பதாகக் கூறி எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுவிக்கப்பட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அந்த வழக்குக் கட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே தீர்ப்பு சரியா தவறா என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலை பார்த்து, ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் இத்தகைய வழக்குகளின் சாட்சியங்களையே அடித்துக்கொண்டிருந்தவள் என்ற முறையில், ‘முரண்பாடு’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாட்சிக் கூண்டில் குழந்தை பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது வேறொன்று. கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லிலோ தலையசைப்பிலோ குழந்தை பதில் தரும். நீதிபதி அதை முழு வாக்கியமாக்கிச் சொல்ல, நாங்கள் அடிப்போம். “எங்க அப்பாதான்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன குழந்தையின் பதிலை “ஆஜர் எதிரி (நீதிமன்றத்தில் முன்னிலையாகியிருக்கும் எதிரி) எனது தந்தை ஆவார்” என்று என் கையாலேயே எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். “அம்மா சொல்லிக்கொடுத்துத்தானே இப்படிச் சொல்ற?” என்ற கேள்விக்கு ஒரு சிறுமி “இல்ல” என்று மட்டும் சொல்வாள். அது “எனது தாயாரின் தூண்டுதலின் பேரில் பொய் சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்றாகிவிடும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. காலங்காலமாக இப்படித்தான் எழுதிவருகிறோம்.

இதனால் என்ன வரும் என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாய்மாமன் எதிரியாக இருந்த வழக்கு அது. எப்போது நடந்தது என்று கேட்டபோது, “கோயில் கொடைக்கு முன்னாடி, பந்தக்கால் நட்ட அன்னைக்கு” என்று சிறுமி சொன்னாள். காவல்துறை வாக்குமூலத்திலோ, யாரோ நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதிய ஒரு தேதி இருந்தது. குறுக்கு விசாரணையில், “இந்தத் தேதியை நீ போலீசிடம் சொன்னாயா?” என்று கேட்டார்கள். “தேதியெல்லாம் எனக்குத் தெரியாது” என்றாள் அவள், உண்மையாக. “நான் போலீசாரிடம் சம்பவத் தேதி எதையும் கூறவில்லை” என்று அடித்தேன். வாதத்தின்போது முதல் முரண்பாடாக எடுத்துக்காட்டப்பட்டது அந்த வரிதான். பந்தக்கால் எந்தத் தாளிலும் இல்லை. அவள் மூன்று இடங்களிலும் ஒரே நாளைத்தான் சொல்லியிருக்கக்கூடும். மூன்று எழுத்தர்கள் அதை மூன்று விதமாக எழுதியிருந்தோம்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தன் 25, 26ஆம் பிரிவுகளில், குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை பேசியபடியே பதிவுசெய்ய வேண்டும் என்று நடுவருக்கும் காவல் அதிகாரிக்கும் கட்டளையிடுகிறது. இயன்றவரை ஒலி, ஒளிப் பதிவாகவும் எடுக்கச் சொல்கிறது. விசாரணையின்போது வழக்கறிஞர்கள் கேள்விகளை நேராகக் கேட்காமல் நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் பொதுவாகக் கதை நடையில் எழுதப்பட்டாலும், அதன் எந்தப் பகுதியையும் கேள்வி–பதிலாகவே பதிவுசெய்ய நீதிபதிக்கு உரிமை உண்டு என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. உரிமை இருந்தும், வழக்குச் சுமையில் அதைப் பயன்படுத்துபவர்கள் மிகச் சிலரே.

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு ஆதாரம் தேடவேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. நடந்ததெல்லாம் சாட்சியின் மனத்திரையில் வீடியோ நாடாபோல ஓடுவதில்லை என்றும், சில்லறை முரண்பாடுகளைப் பெரிதாக்கக் கூடாது என்றும் 1983இல் ஒரு குஜராத் வழக்கில் கூறியது. 2005இல் இமாச்சலப் பிரதேச வழக்கொன்றில், உயர் நீதிமன்றம் விடுவித்த தந்தையை மகளின் சொல்லை நம்பிக் குற்றவாளி என்றது. ஆனால் மேல்முறையீட்டு நீதிபதிகள் குழந்தையைப் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது நாங்கள் அடித்த தாள் மட்டுமே. ராஜஸ்தானில் 1986இல் நடந்த கொடுமை ஒன்றில், சாட்சிக் கூண்டில் ஏறிய சிறுமி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் கண்ணீர் மட்டும் வடித்தாள். அந்தக் கண்ணீரை விசாரணை நீதிபதி எழுதிவைத்தார். இடையில் உயர் நீதிமன்றம் எதிரியை விடுவித்துவிட்டபோதிலும், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்த மௌனத்தை எதிரிக்குச் சாதகமாகக் கொள்ள முடியாது என்று கூறித் தண்டனையை மீட்டது. அது உறவினர் மீதான வழக்கு அல்ல. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் குற்றங்களில்தான் குழந்தை வாயடைத்து நிற்பதை நான் அதிகம் கண்டிருக்கிறேன். சம்பாதிக்கும் ஒரே ஆள் சிறையில் இருக்க, அரிசிக்கு வழியில்லாத வீட்டிலிருந்து, “மாத்திச் சொல்லிடு” என்ற பாட்டியுடனேயே பேருந்தில் வந்து இறங்கும் குழந்தை அது. சாட்சியத்தை முப்பது நாளில் பதிவுசெய்யச் சொல்லும் போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பது, இரண்டாண்டு கழித்து, முன்பு சொன்னதை மறுக்கும் பிறழ்சாட்சியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

குழந்தையின் சொல்லை அப்படியே எழுதுவது எதிரிக்கு அநீதி என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மறுத்து நிரூபிக்கும்வரை எதிரியே குற்றம் செய்தார் என்று கொள்ளும், அதே சட்டத்தின் 29ஆம் பிரிவின் அனுமானம் இருந்தாலும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவியே ஆகவேண்டும். சொத்துத் தகராறிலும் மணமுறிவு வழக்கிலும் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி வரும் குழந்தையின் வாயில் பெரியவர்களின் சொற்கள் இருக்கும். கேள்வியும் பதிலுமாக எழுதினால் அது பளிச்சென்று தெரியும். எல்லாக் குழந்தைகளையும் நாங்களே பெரியவர்களாகப் பேசவைத்துவிட்டால் அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

பதினான்கு வயதுக்கு உட்பட்ட சாட்சிகளுக்காவது கேள்வி–பதில் முறையையும் ஒலிப்பதிவையும் கட்டாயமாக்கி உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தட்டச்சர்களுக்கும் இதற்கென ஒரு நாள் பயிற்சியாவது தரவேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பணியாற்றிய நீதிபதிகளுள் ஒருவர், குழந்தை சாட்சி சொல்லும்போது என் பக்கம் திரும்பி, “அம்மா, அவள் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், திருத்தாதீர்கள்” என்பார். சித்தப்பா மீதான ஒரு வழக்கில் “சித்தப்பா வந்தா நான் பீரோ பின்னாடி போய் நின்னுக்குவேன்” என்று ஒரு குழந்தை சொன்னதை அப்படியே அடித்தேன். மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. அந்தத் தீர்ப்பின் நகல் வந்தபோது புரட்டிப் பார்த்தேன், அந்த வரி மேற்கோள் குறியோடு அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தட்டச்சர்
(பெயர் வெளியிட வேண்டாம்)