லாபம் ஏட்டில், பணம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து தரும் சிறு பட்டறையை நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களில் பலர் நொடித்துப்போவது ஆர்டர் இல்லாததால் அல்ல. ஏட்டில் லாபம் இருந்தும், விற்ற சரக்குக்கான பணம் உரிய நாளில் கைக்கு வராததால்தான். பணம் வராவிட்டாலும், மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் பில் போட்ட மாதத்தின் ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சனிக்கிழமைக் கூலியும் காத்திருக்காது.

குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்றும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும், வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நாங்கள் வாய் திறப்பதில்லை. நானே ஒரு நிறுவனத்திடம் ஐந்து மாதம் கேட்கத் தயங்கி, வீட்டு நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன்.

இப்போது திங்கள்தோறும் மேஸ்திரியையும் உடன் வைத்துக்கொண்டு, வரவேண்டியதையும் தரவேண்டியதையும் தேதிவாரியாக எழுதுகிறேன். நிலைமை அறிந்த தொழிலாளர்கள் என்மீது வைத்த நம்பிக்கை கூடியிருக்கிறது. நிலுவையைக் கேட்டு எழுதும் முறையையும் சட்டப்படி முறையிடும் வழியையும் மாவட்டத் தொழில் மையங்கள் பட்டறை உரிமையாளர்களுக்கு நேரில் வந்து கற்றுத்தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோவை.