தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் தொண்டை இழுக்கிறது என்றாய், அதனால் எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படி. உன் பெண்டாட்டியிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கார் அத்தை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் பேச்சை மாற்றிவிடுகிறாள். நீயோ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி முடித்துக்கொள்கிறாய்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான். அது கிடக்கட்டும்.

விழுங்குகிற பயிற்சியை விட்டுவிடவில்லையே? நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவாயே, அதுதான் உனக்கு எரிச்சலாக வரும். வாயில் சாப்பாடு இருக்கும்போது அதைச் செய்யாதே, வெறும் வாயோடுதான். சாப்பாடு ஏற்றுகிற ட்யூபை எடுத்தாயிற்று, இனி எதற்கு என்று இருந்துவிடாதே. புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த சதை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட இறுகிக்கொண்டே போகும் என்று அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வாயையும் தினம் திறந்து பார். மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைகிறதா? நான் கிளம்பும்போது இரண்டுதான் நுழைந்தது. ருசி வந்துவிட்டதா? இனிப்புதான் கடைசியில் வரும் போலிருக்கிறது என்றாயே.

போன வாரம் அவள் அனுப்பிய போட்டோவில் சட்டைக் காலரை மேலே ஏற்றிவிட்டிருந்தாய். தாடைக்குக் கீழே கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. காலையில் எடுத்ததா, சாயங்காலமா? காலையில் என்றால் சரி, படுத்து எழுந்ததும் அந்த வீக்கம் கூடுதலாகத்தான் இருக்கும், நடமாட நடமாட வடிந்துவிடும். தலையணையை உயர்த்தி வைத்துப் படு. சாயங்காலம் எடுத்தது என்றால் டாக்டரிடம் காட்டு. காட்டிவிட்டாய் என்றால் நல்லது.

கரண்ட் வைத்த 7 வாரமும் ஒரு நாள் நீ தவறவில்லை. கழுத்துத் தோல் உரிந்து கிடக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை, அப்போதும் அந்த முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுகிற அறைக்குள் போகுமுன் எனக்குக் கையை ஆட்டிவிட்டுத்தான் போவாய். நடுவில் நாள் விட்டால் வைத்தியத்தின் பலன் குறையும் என்று டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டாய். யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லித்தான் பெருமை அடித்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுத இவ்வளவு அலுப்பா?

பல் வலித்தால் யாரிடமாவது போய்ப் பிடுங்கிக்கொண்டு வராதே. கரண்ட் பட்ட தாடை எலும்பு லேசில் ஆறாது. முதலில் கேன்சர் டாக்டரிடம் சொல்லு, அப்புறம்தான் பல் டாக்டர். இது ஆயுசுக்கும். உடம்பு அசந்து போகிறது, குளிர்கிறது என்றால் ஓய்வு எடுத்தால் சரியாகும் என்று இருக்காதே, தைராய்டைப் பார். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் 6 மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கத்தானே போகிறாய், அன்றைக்கே இதையும் சேர்த்து எடுக்கச் சொல்.

சொல்லிவிடுகிறேன். உன் பைலில் ஸ்கேன் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தத் தேதி போய்விட்டது. சுத்தமாக இருக்கிறது என்று வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாய். இதையே நினைத்துக்கொண்டு படுத்தால் எங்கே தூக்கம் வரும்?

நீ ஒன்று யோசி. ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் ஏற்றுகிற அந்தச் சர்க்கரை மருந்தைப் புற்று இழுத்துக்கொள்வது போலவே, ஆறிக்கொண்டிருக்கிற புண்ணும் இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் கரண்ட் முடிந்து 12 வாரம் பொறுத்து எடுக்கிறார்கள். அப்படிப் பொறுத்தும் சிலருக்கு ஏதாவது ஓர் இடம் பளிச்சென்று தெரியும். உடனே திரும்பி வந்துவிட்டது என்று ஆகிவிடாது. ஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சதை எடுத்துப் பார்ப்பார்கள், சில வாரம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். தெரிந்தும் மனசுக்குள் போட்டுப் புழுங்குவாய். காய்ச்சல் அடித்தால் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிற பிள்ளைதானே நீ. அவளையும் சொல்லவிடாமல் வைத்திருக்கிறாய், பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண்.

நீளமாக எழுத வேண்டாம். ஸ்கேனில் என்ன வந்தது, டாக்டர் அடுத்து எப்போது வரச் சொன்னார், இரண்டு வரி போதும். மறுபடி எடுக்கச் சொல்லியிருந்தால் தேதியைச் சொல். நான் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்விட்டு வாருங்கள். சாப்பிடும்போது உன் தட்டை எட்டிப் பார்க்க மாட்டேன். பயிற்சியை மட்டும் விடாதே.

அம்மா