வாலிபர்களுக்கு வேலை மட்டும் போதாது: சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வாலிபர்கள் ஊழியத்துக்கு வருவதில்லை, வந்தாலும் நிலைத்து நிற்பதில்லை என்ற வருத்தம் உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. காரணமும் கையோடு வந்துவிடுகிறது: உலகம் இழுக்கிறது, கைபேசி கெடுத்துவிட்டது, அர்ப்பணிப்பு குறைந்துவிட்டது. வாலிபர் ஐக்கியத்தில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவன் நான். என் கண் முன்னால் ஒதுங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் விசுவாசத்தை விட்டுப் போனவர்கள் அல்ல. இன்றும் ஜெபிக்கிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள், ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். பொறுப்பு என்றால் மட்டும் நழுவிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர்கள் இவர்கள்தான்.

ஒலிக் கருவி மிக்சருக்குப் பின்னால் உட்காரும் பையனைக் கவனித்திருக்கிறீர்களா? ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிடுவான். ஒயர் இழுத்து, மைக் சோதித்து, பாட்டு வரிகளைத் திரையில் ஏற்றி, நேரலையைத் தொடங்குவான். பிரசங்கம் முழுக்க அவன் கண் சத்த அளவைக் காட்டும் விளக்குகள் மேலேயே இருக்கும். பிரசங்கத்தில் பாதிதான் காதில் விழும். நேரலை அறுந்தால் உடனே போன் வரும். நன்றாகப் போன வாரத்தில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அதைக்கூட அவன் பொருட்படுத்தமாட்டான். ஆனால் புது ஸ்பீக்கர் வாங்கும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக் கொண்டுவந்து இறக்குகிறோமே, அன்றைக்கு அவனுக்குத் தன் இடம் எது என்று தெரிந்துவிடுகிறது.

ஞாயிறு பள்ளி எடுத்த ஒரு சகோதரி, பூட்டிய அறையில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவரக் கேட்டார். இரண்டு பக்கத்தில் எழுதியே கொடுத்தார். "ஜெபத்தில் வைப்போம்மா" என்றார்கள். அடுத்த கூட்டக் குறிப்பில் அது இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. இப்போது அவர் வகுப்பு எடுப்பதில்லை. ஜெபத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை மூடிவைக்க ஜெபத்தைப் பயன்படுத்துவது வாலிபர்களுக்கு நன்றாகவே புரிகிறது.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சபையிடமே சொல்லி, அந்தப் பொறுப்பை முழுதாகக் கைமாற்றினார்கள். ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் சபைகளில் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்ட வாலிபனுக்குக் கணக்குப் புத்தகமா கிடைக்கிறது? "கலகக்காரன்" என்ற பெயர்தான் கிடைக்கிறது.

வயது விஷயத்துக்கு வருகிறேன். எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தில் பணிவிடை செய்த லேவி கோத்திரத்தாருக்குப் பணிக்காலம் 25 வயதில் தொடங்குகிறது, 50-இல் முடிகிறது. 50 வயதைக் கடந்தவரை வீட்டுக்கு அனுப்பவில்லை; கூடவே நின்று சகோதரருக்கு உதவியாய்க் காவல் காக்கலாம், பணிவிடையை மட்டும் மற்றவர்கள் செய்வார்கள். (பல கமிட்டிகளில் 50 வயதில்தான் உள்ளேயே விடுகிறார்கள்.) மூத்தவர்களுக்கு மரியாதையான இடமும் இளையவர்களுக்கு உண்மையான பொறுப்பும் ஒரே ஏற்பாட்டில் இருந்தன.

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவை உடனே எடுத்துக் காட்டுவீர்கள் என்று தெரியும்: வாலிபர் ஆலோசனையைக் கேட்டுத்தானே ராஜ்யம் பிளந்தது? சரி. அந்த வாலிபர்கள் அவனோடு கூட வளர்ந்த கூட்டாளிகள், அவன் காதுக்கு இனிமையானதைச் சொன்னவர்கள். அப்படி ஆமாம் சாமி போடுகிறவர்கள் எந்த வயதிலும் கிடைப்பார்கள். பரம்பரையாகப் பதவி கொடுக்கும் வழக்கத்துக்கும் வேதத்தில் பாடம் இருக்கிறது. தீர்க்கதரிசி சாமுவேலே தன் குமாரர்களை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பெயெர்செபாவில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். போதகரின் மகன் என்பதற்காக ஒருவர் தகுதியை இழப்பதில்லை. ஆனால் அடுத்த போதகர் யார் என்பது முன்பே முடிவாகிவிட்ட சபையில், அழைப்பு உள்ள மற்றொரு வாலிபன் எதற்காகக் காத்திருப்பான்?

தவறு செய்ய இடமும் வேண்டும். மாற்கு என்னும் யோவான், பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போனபோது பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போனவன். அவனை மறுபடி கூட்டிப்போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பர்னபாவோ பவுலைப் பிரிந்தாவது அவனை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குப் போனார். பின்னாளில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நம்மிடம் பவுல்கள் நிறைய இருக்கிறார்கள், பர்னபாக்கள் குறைவு.

இடம் கிடைக்காத உற்சாகம் வேறு வழி பார்த்துக்கொள்ளும். 1844-இல் லண்டனில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை (ஒய்.எம்.சி.ஏ.) தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது 22 வயது, துணிக்கடையில் வேலை. இன்றும் நம் பிள்ளைகள் சபைக்கு வெளியே சேவை அமைப்புகளையும் நண்பர் குழுக்களையும் அருமையாக நடத்துகிறார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. சபையில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலை போதும் என்று எப்படி முடிவு செய்தோம் என்பதுதான் புரியவில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். முப்பது வயதுக்கு உட்பட்ட இரண்டு பேரையாவது ஓட்டுரிமையோடு கமிட்டியில் வையுங்கள், பார்வையாளராக அல்ல. வாலிபர் ஊழியத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி, செலவை அவர்களே தீர்மானித்து வருட முடிவில் கணக்குக் கொடுக்கட்டும். யாராக இருந்தாலும் ஒரு பதவியில் தொடர்ந்து எத்தனை வருடம் என்று எழுதிவையுங்கள். ஒதுங்கிப்போனவர்களைப் போய்ப் பாருங்கள், ஆனால் அன்றைக்குத் திரும்ப வரச்சொல்லி அழைக்காதீர்கள், ஏன் போனார்கள் என்று மட்டும் கேளுங்கள், நடுவில் பேசாதீர்கள்.

அப்புறம், கமிட்டி கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைப்பதை நிறுத்துங்கள். ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வர முடிகிற நேரம் அது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்களில் ஒருவன்